பன்னிரண்டு நிமிடக் கேமரா

என் கேமராவுக்குப் பன்னிரண்டு நிமிடம்தான் மூச்சு.
அதற்குமேல் ஒரு நொடி கேட்டாலும்
போதும் என்று கண்ணை மூடிக்கொள்ளும்.
கல்யாணங்களில் யாருக்கும் இது தெரிந்ததில்லை.
எந்த முத்தமும் அவ்வளவு நீள்வதில்லை,
புன்டா அரேனாஸில் குளிர் அப்படி.

நெலிடா பர்ரியா சாட்சி சொல்ல வந்தாள்.
நண்டுத் தொழிற்சாலையில் அம்மோனியா கசிந்த இரவு
அபாயச் சங்கு ஊதியது என்கிறது நிர்வாகம்.
அவளுக்குக் காது கேட்காது.
சங்கோடு சேர்ந்து சுழல வேண்டிய சிவப்பு விளக்கைப்
பார்த்துப் பார்த்தே
பதினோரு வருடம் பிழைத்தவள் அவள்.
அன்று அது சுழலவில்லை.

இதை அவள் கைகள் சொன்னபோது
கேமரா நின்று நான்கு நிமிடம் ஆகியிருந்தது.
நான் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மறுபடி சொல்ல முடியுமா என்று கேட்டேன்.
யாஸ்னா அதை மொழிபெயர்க்கத் தயங்கினாள்.
பிறகு மொழிபெயர்த்தாள்.
நெலிடா இரண்டு கைகளையும் கோட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டாள்.
அது எந்த மொழியிலும் கதவடைப்புதான்.

புதிய கேமரா வாங்கலாம்;
என் வீட்டு வாடகை ஏழு மாதம் சேர்ந்தால்.
மிர்கோவிடம் ரெக்கார்டர் இரவல் கேட்டேன்.
நண்டுக் கம்பெனிகளுக்கு விளம்பரப் படம் எடுப்பவன்.
எதற்கு என்றான்.
கல்யாணம் என்றேன்.

செங்கல் அளவுப் பெட்டி,
முதுகில் இரண்டு பேட்டரி.
கேமராவின் எச்டிஎம்ஐ துளை தளர்ந்திருந்தது,
யாஸ்னா தன் தலைமுடி ரப்பரைக் கழற்றிக்
கேபிளை இழுத்துக் கட்டினாள்.
இனி கேமரா வெறும் கண்.
நினைவு பக்கத்துப் பெட்டியில்.

பழைய கண்ணுக்குப் பழைய பழக்கம்:
தான் பார்க்கும் இடத்தில் ஒரு வெள்ளைச் சதுரம் போடும்.
அதையும் சேர்த்தே கேபிளில் அனுப்பும்.
மெனு முழுக்கத் தேடினேன், அழிக்க வழியில்லை.
நெலிடாவின் நெற்றியில் அது
விலைச்சீட்டு மாதிரி ஒட்டிக்கொண்டு நின்றது.
பொத்தானை அழுத்தி அழுத்தி
அங்குலம் அங்குலமாகத் தள்ளி
ஜன்னல் மூலையில் கொண்டுபோய் வைத்தேன்.
அங்கே நீரிணையின் ஒரு துண்டு அதற்குள் அகப்பட்டது.

இன்னொன்று: சும்மா விட்டால்
அரை மணியில் கண் அசந்துவிடும்.
இருபது நிமிடத்துக்கு ஒருமுறை
ஷட்டரைப் பாதி அழுத்தி எழுப்ப வேண்டும்.
முழுதும் அழுத்தினால் போயிற்று.
அன்றைய என் வேலை அந்தப் பாதிதான்.

ரெக்கார்டரின் விசிறி இரைந்தது.
தேவாலயத்தில் இதற்காகவே பாதிரியார் என்னை முறைப்பார்.
இங்கே முறைக்க ஆளில்லை.
நெலிடா மட்டும் மேசையில் உள்ளங்கையைப் பதித்து,
புருவம் உயர்த்தி,
பெட்டியைக் காட்டி ஏதோ கேட்டாள்.
'மூச்சு விடுகிறதா என்கிறாள்' என்றாள் யாஸ்னா.
நான் தலையாட்டினேன்.
என் தலையாட்டலை அவள் ஏற்கனவே ஒருமுறை நம்பியவள்.
கையை எடுக்காமல் கொஞ்ச நேரம் இருந்தாள்.

பிறகு நாற்பத்தேழு நிமிடம்.
விளக்கு. கதவு. கதவின் வெளிப் பூட்டு.
கையுறையோடு தரையில் கிடந்த ஓரியானா.
நடுநடுவே இடது கை மட்டும் கீழே இறங்கி
மேசையைத் தொட்டுவிட்டு மேலே வந்தது.

நீதிமன்றத்தில் திரையைப் பார்த்து
எதிர்த்தரப்பு வழக்கறிஞர் எழுந்தார்.
மூலையில் அந்தச் சதுரம் என்ன,
யார் சேர்த்தது, எதை மறைக்கிறது?
'எதையுமில்லை, கேமரா அங்கேதான் பார்ப்பதாக நினைத்துக்கொண்டிருக்கிறது'
என்றேன்.
யாரோ சிரித்தார்கள். நீதிபதி குறித்துக்கொண்டார்.

நீதிமன்றம் அனுப்பிய மொழிபெயர்ப்பாளர்,
சந்தியாகோவிலிருந்து வந்தவர்,
படத்தை நிறுத்தச் சொன்னார்.
இந்தச் சைகை எனக்குப் பிடிபடவில்லை,
மேசையில் உள்ளங்கை, ஒன்பது முறை வருகிறது,
வட்டார வழக்கா?

யாஸ்னா என்னைப் பார்த்தாள்.
நெலிடா இரண்டாம் வரிசையில் இருந்தாள்,
முன்னால் இருந்த பெஞ்சின் முதுகில் கையை வைத்தபடி.